வாக்குமூலம் தராத ரவுட்டர்

வீடியோ கால் பேசிக்கொண்டிருக்கும்போது எதிரில் இருப்பவரின் முகம் பாதி வாய் திறந்தபடி அப்படியே நின்றுவிடுகிறது. எழுந்துபோய்ப் பார்த்தால் ரவுட்டரில் பவர் விளக்கு மட்டும் எரிகிறது. அப்புறம் மற்ற விளக்குகள் ஒவ்வொன்றாகக் கண்விழிக்கின்றன. இரண்டு நிமிடத்தில் எல்லாம் சரி. அரை மணி நேரம் கழித்து மறுபடியும் அதே கதை.

இணையச் சேவை நிறுவனத்துக்குப் போன் போட்டுச் சத்தம் போடத்தான் கை போகும். நானும் இரண்டு வாரம் அதைத்தான் செய்தேன். கடைசியில் பார்த்தால் குற்றவாளி என் வீட்டுச் சுவரிலேயே, பிளக் பாயிண்டில் அமைதியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

முதலில், அது உண்மையிலேயே ரீஸ்டார்ட் ஆகிறதா என்று பார்த்துவிடுவோம். இணையம் போவது வேறு, ரவுட்டர் போவது வேறு. இணையம் மட்டும் போனால் வைஃபை விளக்கு எரிந்துகொண்டேயிருக்கும், போனில் வைஃபை இணைப்பும் விடுபடாது. பக்கங்கள் மட்டும் திறக்காது. அது வெளியிலுள்ள லைன் சம்பந்தப்பட்ட விஷயமாக இருக்கலாம். ரீஸ்டார்ட் என்றால் எல்லா விளக்குகளும் ஒருசேர அணைந்து, பிறகு ஒவ்வொன்றாக எரியும். அந்த நொடியைத் தவறவிட்டால், பிரவுசரில் ரவுட்டரின் முகவரியை அடித்து உள்ளே போங்கள் (192.168.1.1 அல்லது 192.168.0.1 போன்ற ஓர் எண், பெரும்பாலும் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும்). பல ரவுட்டர்களில் ‘அப்டைம்’ என்றொரு வரி இருக்கும்: கடைசியாக உயிர்பெற்று எத்தனை நேரம் ஆயிற்று என்ற கணக்கு. வாரக்கணக்கில் காட்டினால் ரவுட்டர் நிரபராதி. பன்னிரண்டு நிமிடம் என்று காட்டினால் மேலே படியுங்கள்.

போலி ரீஸ்டார்ட் ஒன்றும் உண்டு. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் சில சேனல்களை (அலைவரிசைப் பிரிவுகளை) ரேடார்களும் பயன்படுத்துகின்றன. ரேடார் அலை காதில் விழுந்தால் ரவுட்டர் அந்தச் சேனலை விட்டு விலகியாக வேண்டும். அடுத்து அது தாவும் சேனலும் அதே வகையாக இருந்தால், பேசத் தொடங்கும் முன் குறைந்தது 60 விநாடி சும்மா காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்பது விதி. அந்த ஒரு நிமிடம் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை காணாமல் போய்விடும். ரவுட்டர் செத்துப் பிழைத்தது போலவே தோன்றும், ஆனால் அப்டைம் ஓடிக்கொண்டேயிருக்கும். சேனலை 36 முதல் 48 வரையிலான எண்களில் ஒன்றுக்கு மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை தீரும்.

உண்மையான ரீஸ்டார்ட் என்றால் உடனே பதிவேட்டைத் திறந்து காரணம் தேடத் தோன்றும். இங்கேதான் ஏமாற்றம். வீட்டு ரவுட்டர்களில் பலவும் தங்கள் நிகழ்வுப் பதிவை ராம் என்ற தற்காலிக நினைவகத்தில்தான் வைத்திருக்கின்றன. மின்சாரம் ஒரு கணம் நின்றாலே ராம் துடைத்த பலகை ஆகிவிடும். அதனால் சாவதற்கு முந்தைய நொடியில் என்ன நடந்தது என்ற வாக்குமூலம் சாவோடு சேர்ந்தே போய்விடுகிறது. பதிவின் முதல் வரிகளில் சில சமயம் 1970 ஜனவரி 1 என்று தேதி இருப்பதைப் பார்க்கலாம். வைரஸ் என்று பயந்துவிடாதீர்கள். பல ரவுட்டர்களில் கடிகாரத்துக்கென்று தனி பேட்டரி கிடையாது. எழுந்தவுடன் அதற்கு இன்றைய தேதி தெரியாது. யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் காலக்கணக்கில் பூஜ்யப் புள்ளியான அந்தத் தேதியிலிருந்து எண்ண ஆரம்பிக்கும். இணையம் வந்த பிறகு எங்கோ இருக்கும் நேர சர்வரைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும். பதிவை அழியாமல் வைத்திருக்கும் சில ரவுட்டர்களில், பதிவின் நடுநடுவே 1970 திரும்பத் திரும்ப வந்தால், அத்தனை முறை எழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஆகவே நாமே பக்கத்தில் ஒரு தாள் வைத்து எப்போதெல்லாம் விழுகிறது, அப்போது என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று குறித்துக்கொள்ள வேண்டியதுதான். தினமும் ஒரே நேரத்தில் விழுந்தால் அமைப்புகளில் யாரோ ‘தினசரி ரீபூட்’ போட்டுவைத்திருக்கலாம். எல்லோரும் வீட்டில் இருக்கும் மாலையில் மட்டும் விழுந்தால் பாரம் தாங்கவில்லை என்று பொருள். அப்போது முதல் சந்தேகம் அடாப்டர் மேல்.

சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை ரவுட்டருக்கு வேண்டிய 12 வோல்ட்டாக (சிலவற்றுக்கு 9 அல்லது 5) மாற்றுவதற்கு, அடாப்டருக்குள் ஒரு மின்னணு சுவிட்ச் நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடுகிறது. அதனால் மறுமுனையில் மின்சாரம் விட்டுவிட்டுத்தான் வரும். அதைச் சமன்செய்வது கடைசியில் இருக்கும் கெப்பாசிட்டர். குழாயில் விட்டுவிட்டுத் தண்ணீர் வந்தாலும் நடுவில் ஒரு தொட்டி இருந்தால் வீட்டுக்குள் சீராக வருவதைப் போல. இந்தத் தொட்டியின் கோளாறு என்னவென்றால், அதனுள்ளே ஈரமான ஒரு மின்பகுதிரவம் இருக்கிறது. அது சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்துபோகும். 105 டிகிரி செல்சியஸில் 2000 மணி நேரம் தாங்கும் என்று குறிப்பிடப்பட்ட கெப்பாசிட்டரை எடுத்துக்கொள்வோம். வெப்பம் 10 டிகிரி குறையும்போதெல்லாம் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது இத்துறையில் வழங்கும் எளிய கணக்கு. அடாப்டருக்குள் 65 டிகிரி என்று வைத்தால், நான்கு முறை இரட்டித்து 32,000 மணி நேரம். ரவுட்டரை யாரும் அணைப்பதில்லை, இரவும் பகலும் ஓடுகிறது. ஆக மூன்றரை ஆண்டு தாண்டியதும் தொட்டியில் விரிசல் தொடங்கும். காற்றோட்டம் இருந்தால் அதைவிட நாள் வரும், சோபாவுக்குப் பின்னால் அமுங்கிக் கிடந்தால் குறையும்.

காய்ந்த கெப்பாசிட்டர் ஒரேயடியாகச் செத்துவிடாது. அதுதான் குழப்பமே. சும்மா இருக்கும்போது ரவுட்டருக்குக் குறைந்த மின்சாரமே போதும், அடாப்டர் சமாளித்துவிடும். நாலைந்து பேர் ஒரே நேரத்தில் வீடியோ பார்த்தால் வைஃபை ஒலிபரப்பி முழு மூச்சில் வேலை செய்யும். ஒவ்வொரு முறை அது உரக்கப் பேசும்போதும் மின்னோட்டம் சட்டென எகிறும், வோல்ட் சறுக்கும். ரவுட்டருக்குள்ளே இருக்கும் மின்மாற்றுச் சுற்று 12 வோல்ட்டை 3.3 வோல்ட், 1 வோல்ட் என்று சில்லுகளுக்கு ஏற்றபடி குறைத்துத் தருகிறது. உள்ளே வரும் வோல்ட் குறைந்தாலும் வெளியே தர வேண்டிய திறன் குறையாததால், அது இன்னும் அதிக ஆம்பியரை இழுக்கும். ஏற்கெனவே தள்ளாடும் அடாப்டர் அதனால் மேலும் சரியும். சில்லுக்குப் போகும் வோல்ட் வரம்புக்குக் கீழே போனதும், குறைந்த வோல்ட்டில் தப்புத்தப்பாகக் கணக்குப் போடுவதைவிட நின்றுவிட்டு முதலிலிருந்து தொடங்குவது மேல் என்று ஒரு காவல் சுற்று சில்லை ரீசெட் செய்துவிடும். நாம் பார்க்கும் ‘ரீஸ்டார்ட்’ பெரும்பாலும் இந்தத் தற்காப்புதான்.

மல்டிமீட்டரை எடுத்து அடாப்டரைச் சோதித்தேன், 12.1 வோல்ட் காட்டியது. நல்லாத்தானே இருக்கிறது என்று திருப்பி மாட்டிவிட்டேன். ஒரு வாரம் வீணானது இதனால்தான். எதுவும் மாட்டாமல் வெறுமனே அளந்தால் பழுதான அடாப்டரும் சமர்த்துப் பிள்ளையாக நடந்துகொள்ளும். மாட்டியபடியே அளந்தாலும், சாதாரண மீட்டர் நொடிக்கு இரண்டு மூன்று முறைதான் எண்ணைப் புதுப்பிக்கும். ஆயிரத்தில் சில பங்கு நொடி நீடிக்கும் சறுக்கல் அதன் கண்ணிலேயே படாது. வேறொரு அடாப்டரை மாட்டி ஒரு நாள் பார்ப்பதுதான் நம்பகமான சோதனை. அதற்கு வோல்ட் அச்சாக அதே அளவு இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ அதிகமாகவோ இருக்கலாம். ஆம்பியர் என்பது அடாப்டர் வலிந்து தள்ளும் அளவு அல்ல, கேட்டால் தரக்கூடிய உச்சம். 1 ஆம்பியர் கேட்கும் ரவுட்டருக்கு 2 ஆம்பியர் அடாப்டர் மாட்டினால் ஒன்றும் ஆகாது. பிளக்கின் நடுமுனை பிளஸ்ஸா மைனஸா என்ற சிறு படம் இரண்டிலும் அச்சிட்டிருக்கும், அது ஒத்துப்போக வேண்டும்.

இன்னொரு நுணுக்கம். வட்ட பிளக்குகளில் பலவும் வெளியே பார்க்க ஒரே மாதிரி 5.5 மில்லிமீட்டர்தான். ஆனால் நடுத்துளை 2.1 மில்லிமீட்டர், 2.5 மில்லிமீட்டர் என்று இரண்டு விதம். 2.1 ஊசிக்கு 2.5 துளையுள்ள பிளக்கும் உள்ளே போய்விடும், விளக்கும் எரியும். ஆனால் லொடலொடவென்று தொட்டும் தொடாமலும் இருக்கும். யாராவது மேசையைத் தட்டினாலே ரீஸ்டார்ட். பிளக்கை மெல்ல அசைத்துப் பார்த்தால் இது தெரிந்துவிடும். ரவுட்டரின் யுஎஸ்பி துளையில் ஹார்ட் டிஸ்க் எதையாவது மாட்டியிருந்தால் அதையும் கழற்றிப் பாருங்கள். அதுவும் இதே அடாப்டரின் சோற்றைத்தான் தின்கிறது. அடாப்டரை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டாம். சுவரில் 230 வோல்ட் என்றால் உள்ளே ஒரு கெப்பாசிட்டரில் 320 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் அது இருக்கும்.

சூடும் ஒரு காரணம்தான். அலமாரிக்குள் அடைத்து வைத்ததையும், இன்னொரு சூடான பெட்டியின் தலைமேல் ஏற்றி வைத்ததையும் வெளியே எடுத்து, மின்விசிறிக் காற்றில் ஒரு மாலை ஓடவிடுங்கள். ரீஸ்டார்ட் நின்றால் காரணம் கிடைத்துவிட்டது. இதற்கு நேர்மாறாக, காலையில் போட்டதும் நாலைந்து முறை விழுந்து எழுந்து, சூடேறிய பிறகு ஒழுங்காக ஓடும் ரவுட்டரும் உண்டு. அங்கே ரவுட்டரின் பலகையிலுள்ள கெப்பாசிட்டரே காய்ந்திருக்கக்கூடும். குளிரில் அதன் உள்மின்தடை கூடும், சூட்டில் குறையும். அடாப்டர் மாற்றியும் தீரவில்லை என்றால் இதுதான் அடுத்த சந்தேகம்.

மின்சாரம் சரியாக இருந்தும் விழுந்தால் மென்பொருள் பக்கம் திரும்ப வேண்டும். பல ரவுட்டர்களில் ‘வாட்ச்டாக்’ என்றொரு எண்ணி இருக்கும். அது மேலிருந்து கீழே எண்ணிக்கொண்டே வரும். மென்பொருள் நலமாக இருந்தால் அவ்வப்போது அதை மீண்டும் மேலே தள்ளிவிட வேண்டும். தள்ள மறந்தால், எண்ணி பூஜ்யத்தைத் தொட்டதும் ஆள் மயங்கிவிட்டான் என்று முடிவுகட்டி ரீசெட் அடித்துவிடும். 1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர் கலமும் இறங்கிய சில நாட்களில் இப்படித்தான் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆனது. வானிலைத் தகவல் சேகரிக்கும் சாதாரண வேலை ஒன்று ஒரு பூட்டை (ஒரு நேரத்தில் ஒரு வேலைக்கு மட்டுமே கிடைக்கும் மென்பொருள் அனுமதியை) கையில் வைத்திருந்தது. அந்தப் பூட்டுக்காக மிக முக்கியமான வேலை காத்திருந்தது. நடுத்தர வேலை ஒன்று இடையில் புகுந்து கணினியின் நேரத்தையெல்லாம் எடுத்துக்கொண்டதால், சாதாரண வேலையால் பூட்டை விடவே முடியவில்லை. முக்கிய வேலை முடியவில்லை என்று கண்ட காவல் எண்ணி கணினியை ரீசெட் செய்தது. பொறியாளர்கள் பூமியில் இருந்த நகல் கணினியில் அதே கோளாறை வரவழைத்துப் பார்த்து, திருத்தத்தைச் செவ்வாய்க்கு அனுப்பினார்கள்.

நம் ரவுட்டருக்கு அவ்வளவு சிரமம் வேண்டாம், தயாரிப்பாளரின் இணையப் பக்கத்தில் புதிய ஃபர்ம்வேர் (ரவுட்டருக்குள் இருந்து அதை இயக்கும் மென்பொருள்) இருக்கிறதா என்று பார்த்தால் போதும். நினைவகக் கசிவும் இந்த வகைதான். ஒரு நிரல் ராமை எடுத்துக்கொண்டு திருப்பித் தராமல் விட்டுக்கொண்டே போனால், ஒருநாள் இடமே இல்லாமல் போகும். ரீஸ்டார்ட்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி ஏறக்குறைய ஒரே அளவாக, இத்தனை நாளுக்கு ஒருமுறை என்று இருந்தால் இதைச் சந்தேகிக்கலாம். ஆயிரக்கணக்கான இணைப்புகளை ஒரே நேரத்தில் திறக்கும் டாரன்ட் போன்ற கோப்புப் பகிர்வு நிரல்கள் சிறிய ராம் உள்ள ரவுட்டரை இன்னும் சீக்கிரம் அங்கே கொண்டுபோகும்.

விளக்குகள் ஒவ்வொரு முறையும் சரியாக அதே நொடியில், அதே வரிசையில் நின்று மறுபடி தொடங்கினால், முழுதாக எழவே இல்லை என்றால், ஃபர்ம்வேர் சிதைந்திருக்கலாம். ஆனால் வைஃபை தொடங்கும் நொடியில் மின்சாரம் அதிகம் தேவைப்படும் என்பதால் பழைய அடாப்டரும் இதே வேடம் போடும். முதலில் அடாப்டரை மாற்றிப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால்தான் பின்புறத் துளைக்குள் ஊசியை விட்டு ரீசெட் பட்டனைப் பத்து விநாடி அழுத்துவது. அழுத்துமுன் இணைய இணைப்புக்கான பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். ரீசெட் அவற்றையும் துடைத்துவிடும். அப்புறம் எந்த நிறுவனத்தோடு சண்டை போட்டீர்களோ, அதற்கே மறுபடி போன் போட வேண்டிவரும்.