தென்னோலை கூட்டிலையா, கீற்றோலையா?

பாடக்குறிப்பு ஒன்றில் ஒரு வரி: "தென்னையில் சிற்றிலைகள் உதிர்ந்து கூட்டிலை உருவாகிறது." உதிர்ந்தால் மிஞ்சுவது மட்டைதானே ஐயா? இந்த உதிர்வு இப்போது மாணவர் காணொலிகளிலும் வந்துவிட்டது.

கூட்டிலை என்றால் ஒரே காம்பில் பல சிற்றிலைகள் கூடி நிற்பது. முருங்கைக்கும் வேம்புக்கும் சரி, அவற்றில் சிற்றிலை ஒவ்வொன்றும் இளம் இலையின் ஓரத்தில் தனிப் புடைப்பாகவே தோன்றுகிறது. தென்னை, பனை, கமுகு வேறு சாதி. குருத்துக்குள் ஓலை முதலில் ஒரே தகடு. அது சேலைக் கொய்யகம் போல மடிப்பு மடிப்பாக வளர்ந்து, பிறகு மடிப்பு நெடுகக் கலங்கள் ஒன்றையொன்று விட்டுவிட, பல இதழாகப் பிரிகிறது. பழுத்த இலை கிளையை விடும்போது நடப்பதும் ஏறக்குறைய இதுதான் என்பதால் ஆங்கிலத்தில் இரண்டுக்கும் abscission என்ற ஒரே சொல்லை ஆள்கிறார்கள். நம் மொழிபெயர்ப்பாளர் அகராதியைப் புரட்டி 'உதிர்தல்' என்று போட்டுவிட்டுப் போய்விட்டார். ஒன்றும் கீழே விழவில்லையே, பிரிதல் என்றால் என்ன குறைந்துவிடும்?

காற்றுத்தான் கிழிக்கிறது என்பவர்களும் உண்டு. அது வாழை. தென்னையில் எங்கே பிரிவது என்பது குருத்திலேயே முடிவாகிவிடும். மட்டக்களப்பில் ஆரையம்பதிப் பக்கம் கன்று விற்கும் இடத்தில் குனிந்து பாருங்கள், தென்னம்பிள்ளையின் முதல் ஓலைகள் மடிப்புக் கோடு தெரியத் தெரியப் பிரியாமல், நுனியில் மட்டும் இரண்டாகப் பிளந்து நிற்கும். கடற்கரைக் காற்று எவ்வளவு அடித்தாலும் அவை கீற்றாவதில்லை.

கூறு கூற்றானதுபோல, கீறு என்பதிலிருந்து வந்தது கீற்று. முழுசாக இருந்ததைக் கீறியது என்ற பொருள் உள்ளேயே இருக்கிறது. 'கூட்டு' இதற்கு நேர் எதிர், தனித்தனியாக வந்தவை சேர்ந்தன என்று சொல்லவைக்கிறது. அது வடிவத்தைத்தான் குறிக்கிறது, வளர்ச்சியை அல்ல என்பார்கள். சரி, பரீட்சையில் வடிவம் கேட்டால் கூட்டிலை என்றே எழுதுங்கள். வளர்ச்சியைச் சொல்லும் இடத்திலும் அதையே இழுத்துக்கொண்டு வந்து, 'சிற்றிலைகள் முளைக்கின்றன' என்று அடுத்த வரியில் சறுக்குவதுதான் தொல்லை. சிலர் சொல்லும் 'பிளவிலை'யும் ஆகாது, அது ஓரம் பிளந்த பப்பாசி இலைக்குப் போய்விடும். தவிர, இலை என்ற சொல்லே இங்கே உறுத்துகிறது. தொல்காப்பிய மரபியல் புறத்தே வயிரமுள்ளதை, அதாவது தண்டின் வெளிப்பகுதி கெட்டியானதை, புல் என்று பிரித்து, ஓலை, மடல், ஈர்க்கு, பாளை, குலை எல்லாவற்றையும் அதன் பக்கம் வைக்கிறது. இலையும் தளிரும் மரத்தோடு. இன்றைய தாவரவியலும் தென்னையைப் புல்லோடு சேர்த்து ஒருவித்திலையில்தான் வைக்கிறது.

ஆகவே கீற்றோலை. கீற்று தமிழ்நாட்டுச் சொல், மட்டக்களப்பில் ஓலை, பின்னினால் கிடுகு என்று மறுப்பவர்கள் வரட்டும். கீறு என்ற வினை இங்கே யாருக்குத் தெரியாது? பனைக்கும் வேறு சொல் தேடவேண்டாம், அதன் கீற்று பாதி வழியில் நின்றுவிடுகிறது, அவ்வளவுதான்.