கால் தரையில் படாத குழந்தையின் கையெழுத்து

ஒன்றாம் வகுப்பில் 'இ' எழுதப் பழகும் ஒரு குழந்தையை அருகில் உட்கார்ந்து கவனித்தால், எழுதுவது விரல்கள் மட்டுமல்ல என்பது தெரியும். பென்சில் சுழியிலேயே திக்கி நிற்கிறது. நாக்கு உதட்டோரம் எட்டிப் பார்க்கிறது. தோள் காதை நோக்கி உயர்கிறது. சும்மா இருக்க வேண்டிய இடது கையின் விரல்களும் சற்றே மடங்குகின்றன. மூளையின் ஒரு பாதியிலிருந்து வலது கைக்குப் புறப்படும் கட்டளை, மறுபாதியிலும் கசிந்துவிடாமல் தடுக்கும் ஏற்பாடு இந்த வயதில் இன்னும் முழுமை பெறவில்லை என்பதே இதற்குக் காரணம். இந்த வேண்டாத அசைவுகள் பத்து வயதையொட்டிப் பெரும்பாலும் அடங்கிவிடும்.

உள்ளே நடப்பது இதுதான். மூளையிலிருந்து தண்டுவடம் வழியே தசைக்குச் செல்லும் நரம்பிழைகளின் மேல் மையலின் என்னும் கொழுப்புறை படியப் படியச் செய்தி விரைந்து செல்கிறது. பள்ளிப் பருவம் முழுவதும் இந்த வேலை தொடர்கிறது. மூளையின் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே உள்ள சிறுமூளையில்தான் மொத்த நரம்பணுக்களில் பாதிக்கும் மேற்பட்டவை அடங்கியுள்ளன; நினைத்த அசைவையும் நடந்த அசைவையும் ஒப்பிட்டு, பிழையை அடுத்த முறைக்குத் திருத்தி வைப்பது அதன் பணி. மணிக்கட்டின் எட்டு எலும்புகளும் பிறக்கும்போது குருத்தெலும்பாகவே இருந்து, கடைசி எலும்பு பெரும்பாலும் எட்டு வயதுக்கு மேல்தான் எலும்பாக உருப்பெறத் தொடங்குகிறது என்பதும் உண்மை. ஆனால் அதைக் காட்டி, ஆறு வயதுக் கையில் பென்சிலே கொடுக்கக் கூடாது என்று பரப்பப்படும் செய்தியை அப்படியே நம்ப வேண்டியதில்லை; பென்சில் பிடியில் நரம்பின் முதிர்ச்சிக்கும் பயிற்சிக்குமே பங்கு அதிகம்.

'வயது வந்தால் தானாக வரும்' என்ற எண்ணத்துக்கு ஆய்வுலகிலும் ஒரு காலத்தில் செல்வாக்கு இருந்தது. அமெரிக்க உளவியலாளர் ஆர்னால்டு கெசல், 1929-இல் வெளியிட்ட ஆய்வில் இரட்டைக் குழந்தைகளில் ஒன்றுக்கு மட்டும் முன்கூட்டியே படியேறப் பயிற்சி அளித்தார். தாமதமாகப் பயிற்சி பெற்ற மற்றொன்று விரைவில் எட்டிப் பிடித்துவிட்டது. இந்தப் பார்வையை அசைத்தது உளவியலாளர் எஸ்தர் தெலனின் குழு 1984-இல் வெளியிட்ட ஆய்வு. பிறந்த சில வாரக் குழந்தையை நிமிர்த்திப் பிடித்தால், நடப்பதுபோல் கால்களை மாற்றி மாற்றி எடுத்து வைக்கும். ஓரிரு மாதங்களில் அது மறைந்துவிடும். மூளை முதிர்வதால் மறைகிறது என்றே கருதி வந்தனர். குழந்தையைத் தண்ணீரில் நிறுத்தியபோதோ அந்த அடிவைப்பு மீண்டது. கொழுப்பு சேர்ந்து கனத்துவிட்ட கால்களைத் தூக்கத் தசைக்கு வலு போதவில்லை, அவ்வளவே. தண்ணீர் அந்தக் கனத்தைத் தாங்கிக்கொண்டது. உடல், செய்யும் செயல், சூழல் ஆகிய மூன்றும் சந்திக்கும் இடத்தில்தான் அசைவு உருவாகிறது என்று உடலசைவு ஆய்வாளர் கார்ல் நியூவெல் 1986-இல் இதற்கு ஒரு சட்டகம் தந்தார்.

அந்தச் சட்டகத்தோடு வகுப்பறைக்குத் திரும்பினால் முதலில் கண்ணில் படுவது பெஞ்சு. பெரிய பிள்ளைகளுக்கு அளவெடுத்துச் செய்த பெஞ்சில் உட்கார்ந்த சிறுவனின் பாதங்கள் அந்தரத்தில் தொங்குகின்றன. இடுப்புக்குப் பிடிமானம் இல்லாததால், உடல் சாயாமல் இருக்க முழங்கையை மேசையில் ஊன்றுகிறான். ஊன்றிய கை எழுதுவதற்கு இலகுவாக நகராது. காலடியில் ஒரு பலகையை வைத்த பிறகு அதே சிறுவனின் கோடுகள் நேராவதைக் காணலாம். அதுவரை கெட்ட கையெழுத்து என்று திட்டு வாங்கியவன் அவன்.

பந்தும் அப்படித்தான். டென்னிஸ் பந்தைத் தவறவிடும் ஆறு வயதுச் சிறுமி, மெதுவாக வரும் பெரிய பிளாஸ்டிக் பந்தை மார்போடு அணைத்துப் பிடித்துவிடுவாள். அவளிடம் குறைவாக இருப்பது வலு அன்று, நேரக் கணிப்பு. ஐந்தாங்கல் ஆட்டத்தில் ஓரடி உயரம் எறிந்த கல் கைக்குத் திரும்ப ஏறத்தாழ அரை நொடிதான் ஆகும். கண்டதற்கு ஏற்பக் கையை அசைக்கவே வளர்ந்தவருக்கும் கால் நொடி அளவு பிடிக்கிறது. ஆகவே கீழே கிடக்கும் கற்களை அள்ளும்போதே, எறிந்த கல் எங்கே எப்போது இறங்கும் என்று மூளை முன்கூட்டிக் கணித்துவிட வேண்டும். நூறு முறை தவறவிட்ட பின்பே சிறுமூளைக்கு அந்தக் கணக்கு வசப்படுகிறது. இதை 'சும்மா விளையாட்டு' என்று ஒதுக்குபவர்கள் ஒருமுறை ஆடிப் பார்க்கலாம்.

ஊர்ப்புறத்தில் ஐந்தாங்கல் பெண்பிள்ளைகளுக்கும் கிட்டிப்புள் ஆண்பிள்ளைகளுக்கும் என்று பிரித்து வைத்திருந்தோம். பூப்புக்கு முன் இருபாலரின் தசைவலுவில் வேறுபாடு சிறிதே என்பதால், எறிவதிலும் பிடிப்பதிலும் தெரியும் இடைவெளியில் பெரும்பகுதி இத்தகைய பழக்கத்தால் வந்தது என்பது என் கருத்து. பிள்ளைகளுக்குள் வேறுபாடு தெரிய வேறு காரணங்களும் உண்டு. இரும்புச்சத்துக் குறைவு மையலின் படிவதையே பாதிக்கும். ஒரே வகுப்பில் பிறந்தநாள் ஏறக்குறைய ஓராண்டு தள்ளிப்போன இருவர் இருக்கக்கூடும். ஐந்து வயதில் அது வாழ்நாளில் ஐந்தில் ஒரு பங்கு.

எல்லா வாய்ப்பும் கிடைத்தும் பொத்தான் போட, நூலில் மணி கோக்க, ஒற்றைக்காலில் நொண்ட நெடுநாள் திணறும் பிள்ளைகளும் உண்டு. இயக்க ஒருங்கிணைப்புக் குறைபாடு எனப்படும் இந்நிலை, பள்ளி வயதினரில் நூற்றுக்கு ஐந்து அல்லது ஆறு பேரிடம் காணப்படுகிறது. சோம்பலோ அறிவுக் குறைவோ இதற்குக் காரணமன்று. முதலில் கண்பார்வையைச் சோதித்துவிட்டு, பின்னர் குழந்தை மருத்துவரையும், அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டையும் அணுகினால், அந்தப் பிள்ளைக்கு எந்த வேலையை எப்படிப் பிரித்துக் கற்பிப்பது என்று அவர்கள் காட்டித் தருவார்கள்.