குளிரே இல்லாத கரையில் டீசல் கார் ஏன் காலையில் முரண்டு பிடிக்கிறது?

ஊட்டியில் பழைய டீசல் கார் காலையில் கிளம்ப மறுத்தால் பனியின் மீது பழி போடலாம். ராமநாதபுரம் கடலோர ஊர்களான மண்டபத்திலோ கீழக்கரையிலோ அந்தச் சாக்கு செல்லாது. மார்கழி விடியலில்கூட இந்தக் கரையில் வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. ஆனாலும் செல்ஃப் அடித்து அடித்து, தெரு முழுக்க வெண்புகையைப் பரப்பிய பிறகே கிளம்பும் சுமோ, குவாலிஸ், இண்டிகா கார்களுக்கு இங்கே பஞ்சமில்லை. இந்த ஊரின் வெக்கை இன்ஜினின் குறைகளை ஆண்டுக்கணக்கில் மறைத்து வைக்கிறது. அதனால் கார் உண்மையிலேயே முரண்டு பிடிக்கும் நாளில், பெரும்பாலும் ஒரு கோளாறு அல்ல, இரண்டு மூன்று கூட்டுச் சேர்ந்திருக்கும்.

டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. ருடால்ஃப் டீசல் 1897-இல் ஓட்டிக் காட்டிய இன்ஜின் முதல் இன்றுவரை அடிப்படை ஒன்றுதான்: காற்றை அழுத்தினால் சூடாகும், அந்தச் சூட்டில் எண்ணெயைப் பீச்சினால் பற்றிக்கொள்ளும். மேலே சொன்ன பழைய கார்களில் காற்று ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காகவோ அதைவிடச் சிறிதாகவோ நசுக்கப்படுகிறது. சூடு வெளியே கசியாது என்று வைத்துக்கொண்டால், 25 டிகிரியில் உள்ளே போன காற்று 700 டிகிரியைத் தாண்ட வேண்டும். டீசல் தானாகப் பற்றிக்கொள்ள 250 டிகிரி போதும். பிறகு எதற்குத் தகராறு?

நேரம்தான் காரணம். ஸ்டார்ட்டர் மோட்டார் இன்ஜினை நிமிடத்துக்குச் சுமார் 200 சுற்று வேகத்தில் சுழற்றுகிறது. அந்த வேகத்தில் பிஸ்டன் ஒருமுறை மேலேறிக் காற்றை அழுத்த 0.15 விநாடி ஆகிறது. ஐடிலிங்கில் ஓடும்போது ஆவதைப் போல நான்கு மடங்கு. அதற்குள் சூட்டின் பெரும்பகுதியை இரவெல்லாம் ஆறிய இரும்பு உறிஞ்சிவிடும். காற்றில் ஒரு பகுதி, பிஸ்டனைச் சுற்றியிருக்கும் தேய்ந்த ரிங்குகளின் ஓரமாக நழுவிவிடும். போதாக்குறைக்கு, இந்தப் பழைய தலைமுறை கார்களில் டீசல் நேராகச் சிலிண்டருக்குள் பீச்சப்படுவதில்லை. சிலிண்டரை மேலே மூடும் ஹெட்டில் இருக்கும் ஒரு சிறு முன்னறைக்குள் பீச்சப்படுகிறது. அந்த அறையின் சுவர்களும் தங்கள் பங்குக்குச் சூட்டைத் தின்கின்றன. ஹீட்டர் பிளக் என்ற சிவந்து கனலும் சிறு கம்பி அங்கே இருப்பது இதற்காகத்தான். குளிர்நாட்டுச் சமாச்சாரம் என்று அதை ஒதுக்கிவிட முடியாது. தூத்துக்குடி வெயிலிலும் முன்னறை இன்ஜினுக்கு முதல் ஸ்டார்ட்டில் அது வேண்டும்.

இருந்தாலும் வெக்கை உதவுகிறது. உள்ளே போகும் காற்றில் 20 டிகிரி வித்தியாசம் இருந்தால், அழுத்தி முடிக்கும்போது அது 50 டிகிரிக்கு மேல் வித்தியாசமாகப் பெருகிவிடும். ஆகவே நான்கு ஹீட்டர் பிளக்கில் ஒன்று செத்துப்போனாலும் இங்கே கார் கிளம்பிவிடும். அரை நிமிடம் நடுங்கும், கொஞ்சம் புகையும், பிறகு சரியாகிவிடும். “பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்” என்று உரிமையாளரும் சமாதானமாகிவிடுவார். இரண்டாவது பிளக்கும் போய், பேட்டரியும் தளர்ந்த பிறகுதான் மெக்கானிக் நினைவுக்கு வருவார்.

கடலோரக் கார் என்றால் சோதனையை எர்த் ஒயரிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. பேட்டரி எதிர்முனையிலிருந்து பாடிக்கும், பாடியிலிருந்து இன்ஜினுக்கும் போகும் அந்தத் தடித்த பின்னல் ஒயர், மேலே கறுப்பு உறையோடு நன்றாகவே தெரியும். உறையை விலக்கிப் பார்த்தால் செம்பு பச்சையாகப் பூத்துத் தூளாக உதிரும். உப்புக்காற்றின் வேலை. மல்டிமீட்டரை 20 வோல்ட் அளவில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கின் வெறும் இரும்பிலும் வைத்துக்கொண்டு, வேறொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். மீட்டர் அரை வோல்ட்டைத் தாண்டினால் மின்சாரம் வழியிலேயே வீணாகிறது. இதில் இரட்டை நட்டம் உண்டு. செல்ஃப் மெதுவாகச் சுற்றும், ஹீட்டர் பிளக்கும் சரியாகச் சிவக்காது. வோல்ட் 11-இலிருந்து 9-க்கு இறங்கினால் பிளக்கின் சூடாக்கும் திறனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். புதுப் பேட்டரி வாங்கிப் போட்ட பிறகும் ஏமாறுகிறவர்கள் பலர் இந்த ஒயரைப் பார்க்காதவர்கள்தாம்.

சுழற்சி வேகமாகவே இருக்கிறது, ஆனாலும் கிளம்பவில்லை என்றால், செல்ஃப் அடிக்கும்போதே சைலன்சர் வாயைக் கவனிக்க வேண்டும். அங்கே புகை வருகிறதா, இல்லையா? நோயின் பாதி இந்த ஒரே கேள்வியில் பிரிந்துவிடும். வெள்ளைப் புகை கண்ணை எரித்துக்கொண்டு வருகிறதென்றால் டீசல் சிலிண்டருக்குப் போகிறது, பற்றிக்கொள்ளத்தான் சூடில்லை. ஈர விறகு புகைவதைப் போலத்தான் இதுவும். ஹீட்டர் பிளக், கம்ப்ரெஷன் (சிலிண்டரில் காற்று அழுந்தும் அளவு), டீசலை அனுப்பும் பம்பின் டைமிங் ஆகிய மூன்றில்தான் குறை தேட வேண்டும். பிளக்குகளைச் சோதிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். அவற்றை இணைக்கும் பட்டையைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சோதனை விளக்கு வழியாக ஒவ்வொரு பிளக்கின் தலையையும் தொட்டால் போதும். விளக்கு எரியாத பிளக் செத்தது. எல்லாமே எரிந்தால் அவற்றுக்கு மின்சாரம் கொடுக்கும் ரிலேயைப் பாருங்கள்.

புகையே வரவில்லையா? அப்படியானால் டீசலே போய்ச் சேரவில்லை. பம்பின் தலையில் இருக்கும் சாலினாய்டு வால்வு (டீசலுக்கு வழிவிடும் மின்காந்த அடைப்பு), சாவியைத் திருப்பும்போது ‘டக்’ என்று ஒலிக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ஒலித்தால் அடுத்த சந்தேகம் காற்று. ராத்திரியில் நின்ற வண்டி, காலையில் ஒரு நொடி ஓடி அணைந்துவிட்டு, அதற்குப் பிறகு எவ்வளவு அடித்தாலும் புகையில்லாமல் வெறுமனே சுற்றுகிறதென்றால் குழாயில் எங்கோ காற்று நுழைகிறது என்று பொருள். பம்பில் தங்கியிருந்த டீசலில்தான் அந்த ஒரு நொடி ஓடியது. மீதி இரவோடு இரவாக டேங்குக்கே திரும்பிவிட்டது. விந்தை என்னவென்றால், காற்று நுழையும் ஓட்டை வழியாக டீசல் வெளியே சொட்டாமலும் இருக்கலாம், ஏனென்றால் அந்தக் குழாய் உள்ளே இழுக்கும் குழாய். எனவே ஈரத்தைத் தேடிப் பயனில்லை. ஃபில்டருக்கும் பம்புக்கும் இடையே ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாயைத் தற்காலிகமாக மாட்டிப் பார்த்தால், குமிழிகள் வரிசையாக நகர்வது தெரிந்துவிடும். வெடித்த ரப்பர் குழாய், இறுகாத கிளிப், கைப்பம்பின் தேய்ந்த வாஷர் என்று குற்றவாளிகள் எல்லாம் அற்ப விலைக்காரர்கள். ஃபில்டரின் அடியில் இருக்கும் தண்ணீர்த் திருகையும் அப்போதே திறந்து வடித்துவிடுவது நல்லது. ஈரக்காற்றில் அரை டேங்கோடு நிற்கும் வண்டியில் தண்ணீர் சேரும். அது டீசலைப் பீச்சும் நாசிலின் ஊசியைத் துருப்பிடிக்க வைக்கும்.

ஓடத் தொடங்கிய பிறகு வரும் புகைக்குச் சுருக்கமான விடைகளே உண்டு. கறுப்பு என்றால் காற்று போதவில்லை, அல்லது டீசல் அதிகம். தனுஷ்கோடி மணலில் அடிக்கடி போய்வரும் காராக இருந்தால் முதலில் ஏர் ஃபில்டரைத் தட்டிப் பாருங்கள், பிறகு நாசில். 1988-இல் திறந்த பாம்பன் சாலைப் பாலத்தின் ஏற்றத்தில், சுமையோடு, கண்ணாடியில் பார்த்தால் சமதளத்தில் தெரியாத கறுப்பும் நீலமும் அங்கே தெரியும். நீலம் இன்ஜின் ஆயில் எரிவது: ஸ்டார்ட் செய்ததும் கொஞ்சம் வந்து மறைந்தால் வால்வு சீல், ஏற்றத்தில் விடாமல் வந்தால் ரிங். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் வெள்ளை நிற்காமல், கண் எரியாமல், லேசான இனிப்பு வாடையோடு வந்தால் அது டீசல் அல்ல, இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்டின் ஆவி. ரேடியேட்டர் மட்டமும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்கலாம். அந்த நிலையில் வண்டியை மதுரை வரை ஓட்டிப் பார்ப்பது ஹெட்டையே காவு கொடுப்பது. நிறத்தை மட்டும் கேட்டுவிட்டு “பம்பைக் கழற்றணும்” என்று சொல்பவரைவிட, எப்போது, எவ்வளவு நேரம் புகைகிறது என்று கேட்கும் மெக்கானிக்கிடம் சாவியைக் கொடுங்கள்.

ஒரு பழக்கத்தை மட்டும் கண்டித்தே ஆக வேண்டும். ஏர் ஃபில்டர் குழாயில் ஈதர் ஸ்ப்ரே அடித்துக் கிளப்புவது. சிவந்த ஹீட்டர் பிளக்கில் ஈதர் பட்டால், பிஸ்டன் மேலேறி முடிப்பதற்கு முன்பே வெடிக்கும். ரிங் உடையும், சில சமயம் பிஸ்டனே விரியும்.

எல்லாம் பார்த்தும் தீரவில்லை என்றால் கடைசியாகக் கம்ப்ரெஷன் சோதனை. ஆரோக்கியமான முன்னறை இன்ஜினில் ஏறக்குறைய 30 பார் அழுத்தம் இருக்கும். 20-ஐ ஒட்டி இறங்கிவிட்டால் வெக்கையாலும் காப்பாற்ற முடியாது. மொத்த எண்ணைவிடச் சிலிண்டர்களுக்கிடையே உள்ள வித்தியாசம் அதிகம் பேசும். அடுத்தடுத்த இரண்டு மட்டும் குறைந்திருந்தால் அவற்றுக்கு இடையே கேஸ்கட் ஊதியிருக்கலாம். ஒன்று மட்டும் குறைந்தால் அதில் ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக இன்ஜின் ஆயிலை விட்டு மறுபடி அளக்க வேண்டும். அழுத்தம் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. ஆயிலை அதற்கு மேல் ஊற்றிவிடாதீர்கள். டீசலின் எரியறை மிகச் சிறியது, திரவத்தை நசுக்க முடியாமல் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.