35 என்று குறித்த பிள்ளைக்குக் கழித்தல் தெரியாதா?

மூன்றாம் வகுப்புக் கொள்குறி வினா ஒன்று: 52லிருந்து 27 போனால் மீதி எவ்வளவு? கொடுத்திருக்கும் விடைகள் 79, 35, 25, 24. சரியான விடை 25. மற்ற மூன்றில் எதைக் குறித்தாலும் மதிப்பெண் பூஜ்யம்தான். ஆனால் அந்த மூன்று பிள்ளைகளுக்கும் வேண்டிய பாடம் வேறு வேறு.

35 குறித்த பிள்ளை, ஒன்றாம் இடத்தில் 2லிருந்து 7 போகாது என்று கண்டதும் தலைகீழாக 7லிருந்து 2ஐக் கழித்துவிட்டது. கடன் வாங்குவது அதற்குப் பிடிபடவில்லை. 79 குறித்தது கூட்டிவிட்டது. ‘மீதி’ என்ற சொல் அதன் மனதில் படவே இல்லை. 24 குறித்ததுக்குக் கடன் வாங்கத் தெரியும், விரல் விட்டு எண்ணும்போது ஒன்று தவறியிருக்கிறது. மூவரையும் ஒன்றாக உட்காரவைத்து இன்னும் பத்துக் கழித்தல் கணக்கு கொடுப்பதால், 24 குறித்த பிள்ளைக்கு மட்டும் கொஞ்சம் பலன் கிடைக்கும்.

பிள்ளைகள் எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்று பார்க்கும் அடைவுத் தேர்வின் முடிவு வந்தால் நம் பள்ளிகளில் முதலில் பார்ப்பது சதவீதத்தை. அங்கேதான் கோளாறு தொடங்குகிறது. ஏற்காடு மலையில் மூன்றாம் வகுப்பில் ஆறே பிள்ளைகள் இருக்கும் பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளை தேறினாலோ தவறினாலோ தேர்ச்சி விகிதம் கிட்டத்தட்ட 17 புள்ளி ஏறும், இறங்கும். 30 பேர் இருக்கும் சேலம் டவுன் பள்ளியில் அதே ஒரு பிள்ளை 3 புள்ளிதான். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தலைமை ஆசிரியரைக் கேள்வி கேட்பது நியாயமே இல்லை. 2021 நவம்பர் 12இல் நடந்த தேசிய அடைவு ஆய்வும், 2024 டிசம்பர் 4இல் பரக் என்ற தேசிய மதிப்பீட்டு அமைப்பு நடத்திய ஆய்வும் மாதிரிக்காகத் தேர்ந்தெடுத்த சில பள்ளிகளில் மட்டும் நடத்தி, மாவட்ட, மாநில நிலையை அறிவதற்காக வந்தவை. ஒரு பள்ளியையோ ஒரு பிள்ளையையோ தரம் பிரிக்க அவற்றின் எண்களைப் பயன்படுத்தக் கூடாது.

குருட்டாம்போக்கில் குறிப்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். நான்கு விடை கொண்ட 20 வினாக்களில் எதையும் படிக்காமல் குறித்தாலே சராசரியாக 5 சரியாகும். ஐந்தில் ஒரு பிள்ளைக்கு 7 அல்லது அதற்கு மேலும் வரும். ஆகவே போன தடவை 5, இந்தத் தடவை 7 என்றால் ‘முன்னேற்றம்’ என்று எழுதிவிடாதீர்கள்.

சதவீதத்துக்குப் பதில் ஒரு சார்ட் தாள் போதும். இடப்பக்கம் பிள்ளைகளின் பெயர், மேலே வினா எண். கட்டத்தில் சரி, தவறு என்று போடாமல், பிள்ளை குறித்த எழுத்தையே எழுதுங்கள்: அ, ஆ, இ, ஈ. 12 பிள்ளை, 20 வினா என்றால் 240 கட்டம்; அரை மணி நேர வேலை. பிறகு மேலிருந்து கீழே பாருங்கள். ஒரு வினாவுக்குப் பாதிப் பேருக்கு மேல் ஒரே தவறான எழுத்தைக் குறித்திருந்தால், அந்தப் பாடத்தை வகுப்பு முழுவதற்கும் திரும்ப நடத்த வேண்டும். தவறான எழுத்துகள் சிதறிக் கிடந்தால், வினாவைப் படிக்க முடியாமல் ஏதோ ஒன்றைக் குறித்திருக்கிறார்கள். அடுத்து இடமிருந்து வலம். எட்டாம் வினா வரை சரியாக வந்து, அதற்குப் பின் எல்லாமே தவறு என்றால் ஒரு கட்டம் தள்ளிப் பொருத்திப் பாருங்கள். பெரும்பாலும் விடை பொருந்தும். ஒரு வினாவை விட்டுவிட்டு, அடுத்த வினாவின் விடையை அதன் வட்டத்தில் நிரப்பியிருக்கும். வட்டங்களை நிரப்பும் ஓஎம்ஆர் விடைத்தாளில் வரிசைக்கு அடியில் அடிக்கோலை வைத்து நகர்த்தப் பழக்கினால் இது நின்றுவிடும்.

சார்ட்டில் தெரியாததைப் பிள்ளைதான் சொல்ல வேண்டும். 1977இல் ஆன் நியூமன் என்ற ஆஸ்திரேலியர் வகுத்த முறை இதற்கு மிகவும் கைகொடுக்கும். தவறிய வினாவைக் காட்டி வரிசையாகக் கேளுங்கள்: இதைப் படி. என்ன கேட்டிருக்கிறார்கள், உன் பேச்சில் சொல். எப்படிச் செய்வாய்? செய்து காட்டு. விடையை எழுது. எந்தப் படியில் தடுக்குகிறதோ அங்கே நிறுத்திக் குறித்துக்கொள்ளுங்கள். இடையில் திருத்தவோ எடுத்துக்கொடுக்கவோ கூடாது. ஒரு வினாவுக்கு மூன்று நான்கு நிமிடம் ஆகும். ஒரு பிள்ளைக்கு இரண்டு வினா போதும்.

இப்படிக் கேட்டால், ‘கணக்கு வரவில்லை’ என்று முத்திரை குத்திய பிள்ளைகளில் பலர் முதல் இரண்டு படியிலேயே நிற்பது தெரியும். ‘பின்வருவனவற்றுள்’ என்பதில் பத்து எழுத்து. அதை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் வினாவின் தொடக்கம் மறந்துபோகிறது. ‘எது அல்ல?’ என்ற வினாவில் மறுப்பு கடைசியில் வருகிறது; அதுவரை போகாத பிள்ளை முதலில் கண்ட சரியான பெயரைக் குறித்துவிடும். சிவதாபுரம் பக்கம் கொலுசுப் பட்டறை வீட்டுப் பிள்ளையிடம் ‘5 இணை கொலுசுகளில் எத்தனை கொலுசுகள்?’ என்று தாளில் கேட்டால் விழிக்கும். ‘அஞ்சு ஜோடி’ என்று வாயால் கேளுங்கள், கேட்ட மாத்திரத்தில் பத்து என்று சொல்லும். அதற்குத் தேவை ‘இணை’ என்ற சொல் மட்டுமே.

எண்ணின் பெயரிலும் ஒரு பொறி உண்டு. ‘தொண்ணூறு’ என்ற பெயரிலேயே ‘நூறு’ ஒலிக்கிறது. தொண்ணூற்று மூன்று என்று சொன்னால் 903 என்று எழுதும் பிள்ளைக்கு இடமதிப்பு அடியோடு தெரியாது என்று முடிவு கட்டாதீர்கள். எண்பது, எண்ணூறு, தொண்ணூறு, தொள்ளாயிரம் நான்கையும் அட்டையில் எழுதி, பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிக் கட்டுகளோடு ஒரு வாரம் தினமும் பத்து நிமிடம் பொருத்த வையுங்கள்.

மலையில் வருகைப் பதிவேட்டையும் சார்ட்டுக்குப் பக்கத்தில் விரித்து வைக்க வேண்டும். மேலே சொன்ன இரண்டு ஆய்வுகளின் தேதியும் காபிப் பழம் பறிக்கும் பருவத்தில் விழுந்தவை. பெற்றோர் விடிந்ததும் தோட்டத்துக்குப் போய்விட்டால் மூத்த பிள்ளை தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே நின்றுவிடும். கடன் வாங்கிக் கழித்தல் நடத்திய நாட்களில் அந்தப் பிள்ளை வந்ததா என்று பாருங்கள். வரவில்லை என்றால் அது மறந்துபோன பாடமே இல்லை, கேட்காத பாடம். புதிதாகத்தான் தொடங்க வேண்டும்.

தொடக்க வகுப்புகளுக்கான தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் கீழிருந்து மேலாக வரும் அரும்பு, மொட்டு, மலர் என்ற கற்றல் நிலைகளை ஒரு பாடத்துக்கு மட்டும் உரியவையாகப் பாருங்கள். தமிழில் மலர் நிலையில் இருக்கும் பிள்ளை கணக்கில் மொட்டாக இருக்கலாம்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் உட்காரும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். நம் பள்ளி எத்தனை சதவீதம் என்று கேட்காதீர்கள். என் பிள்ளை எந்தக் கணக்கில் எந்த விடையைக் குறித்தது, ஏன் குறித்தது என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, படிப்பறிவு இல்லாவிட்டாலும் கேட்கலாம்.

மறுசோதனையை மூன்று வாரம் கழித்து வையுங்கள். அதே தாளைக் கொடுத்தால் பிள்ளை விடையின் இடத்தை நினைவில் வைத்துக் குறித்துவிடும். எண்ணை மாற்றுங்கள், பொறியை மாற்றாதீர்கள்: 71லிருந்து 48 என்றால் 23உடன் 37ம் விடைகளில் இருக்க வேண்டும், 63லிருந்து 27 என்றால் 36உடன் 44ம் இருக்க வேண்டும். முன்பு 35 குறித்த பிள்ளை இந்த இரண்டிலும் 37, 44 பக்கம் போகவில்லை என்றால் கடன் வாங்குவது பிடிபட்டுவிட்டது. ஒன்றில் போனால், குச்சிக் கட்டை அவிழ்த்து இன்னொரு வாரம்.