பண்ணையைப் பெரிதாக எழுதினாலும் பணம் குறையும்

வெள்ளச் சேதத்துக்குப் போட்ட இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் தொகை குறைந்து வந்தால் நம்மவர்கள் முதலில் கேட்பது, "சர்வேயர் காசு வாங்கிட்டாரா சார்?" என்பதுதான். சேதத்தை நேரில் பார்த்து மதிப்பிட்டு நிறுவனத்துக்கு அறிக்கை கொடுக்கிற சர்வேயராக இருந்துவிட்டு இப்போது பாலிசிதாரர்களுக்கு க்ளெய்ம் பேப்பர் பார்த்துக் கொடுக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், என் கைக்கு வந்த தப்பான அறிக்கைகளில் பெரும்பாலானவை அவசரத்தில் எழுதியவை. மழை ஓய்ந்த வாரத்தில் மாதவரம், மணலி புதுநகர், எண்ணூர் என்று ஒரே நாளில் ஓட வேண்டும், பாதி இடத்துக்குள் வண்டி போகாது, டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் இருக்காது; காலால் அளந்து குறித்துக்கொண்டு போய் ராத்திரி வீட்டில் டைப் அடிப்பார்கள். காரணம் எதுவானாலும் நஷ்டம் உங்களுக்குத்தான். அதனால் திட்டுவதை விட்டுவிட்டு அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள், வாயால் கேட்காமல் ஈமெயிலில். கேட்டால் தர வேண்டும்.

நகலை வாங்கியவர்கள்கூட கடைசிப் பக்கத்துத் தொகையைப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிடுகிறார்கள். தப்பு அங்கே இருக்காது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் மழையில் கொசஸ்தலை ஆற்றுத் தண்ணீர் புகுந்த ஒரு சின்னப் பால் பண்ணை. மாடுகளுக்குத் தனி பாலிசி. கொட்டகை, புல் வெட்டும் மிஷின், தீவன மூட்டை இவற்றுக்கு வேறு பாலிசி, 6 லட்சத்துக்கு. சேதம் 2 லட்சம் என்று சர்வேயரே ஒப்புக்கொண்டிருந்தார். கைக்கு வருவதாகச் சொன்னதோ 1 லட்சம். ஏன் என்று பார்த்தால் இரண்டாம் பக்கத்தில் கொட்டகை 1,600 சதுர அடி என்று இருந்தது. பண்ணைக்காரருடையது 800தான். மீதி 800 தம்பியுடையது. ஒரே கூரை, நடுவில் ஹாலோ பிளாக்கில் ஒரு குட்டைச் சுவர், தனித்தனி ஈ.பி. மீட்டர். சர்வேயர் இரண்டையும் சேர்த்து அளந்து, உள்ளே இருந்ததையும் சேர்த்து, மொத்த மதிப்பு 12 லட்சம் என்று போட்டுவிட்டார்.

பண்ணைக்காரர் என்னிடம் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: "பெருசாத்தானே எழுதியிருக்காரு, நமக்கு நல்லதுதானே சார்?"

இல்லை அண்ணே. 12 லட்சம் பெறுமானமுள்ள சொத்தை 6 லட்சத்துக்கு மட்டும் இன்ஷூர் செய்திருக்கிறீர்கள் என்று அர்த்தமாகிவிடும், அப்புறம் சேதத்திலும் பாதிதான் கிடைக்கும். குறைகாப்பீடு என்பார்கள், ஆபீஸில் ஆவரேஜ். சின்னத் தொழில்களுக்கான பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசியில் 15 சதவீதம் வரை குறைவைக் கண்டுகொள்ள மாட்டார்கள், அதைத் தாண்டினால் இந்தக் கணக்குதான். ஆகவே அறிக்கை கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது சொத்தின் மொத்த மதிப்பை எப்படிப் போட்டிருக்கிறார் என்பது.

பண்ணைக்காரர் கொடுத்த ஆட்சேபக் கடிதம் ஒரு பக்கம்தான். 'பக்கம் 2-ல் 1,600 சதுர அடி என்று உள்ளது, சரியான அளவு 800, ஆதாரம் இணைப்பு 1' என்கிற மாதிரி வரிக்கு வரி. இணைப்பில் இரண்டு ஈ.பி. கார்டு, தம்பி எழுதிக் கொடுத்த கடிதம், சுவர் மேல் டேப் பிடித்து எடுத்த படம். எல்லாவற்றையும்விட வேலை செய்தது போனில் கிடந்த மாட்டுப் பொங்கல் படம். கொம்பில் வர்ணம் அடித்த மாட்டுக்குப் பின்னால் அந்தக் குட்டைச் சுவர் பளிச்சென்று தெரிந்தது, தேதியோடு. மறு ஆய்வு கேட்டார், சர்வேயர் வந்து அளந்து கூடுதல் அறிக்கை கொடுத்தார், பிடித்தம் போனது. கஷ்டத்தையும் குடும்ப நிலவரத்தையும் கடிதத்தில் எழுதாதீர்கள். அது நியாயம்தான், ஆனால் அதைப் படிக்கிறவர் மாற்ற வேண்டிய எண் எது என்று தேடிக்கொண்டிருப்பார்.

இன்னொரு இடம், நனைந்த தீவனம். ஊறிப்போன புண்ணாக்குக்கும் கழிவு மதிப்பு, அதாவது விற்றால் கிடைக்கும் பணம், என்று ஒரு தொகையைப் போட்டு நஷ்டத்தில் கழிப்பார்கள். பூஞ்சை பிடித்த புண்ணாக்கை மாடு தின்றால் அஃப்ளடாக்சின் நஞ்சு பாலில் இறங்கும், அதை எந்த மாட்டுக்கும் போடக்கூடாது என்று கால்நடை மருத்துவரிடம் ஒரு வரி வாங்கி வையுங்கள். மாடு செத்த க்ளெய்ம் என்றால் மாட்டின் காதில் மாட்டியிருக்கும் அடையாள வில்லையின் 12 இலக்கத்தையும் ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். ஒரு இலக்கம் மாறினாலும் அது உங்கள் மாடு இல்லை என்று சொல்ல இடம் கிடைத்துவிடும்.

"சர்வேயர் எழுதினதுதான், நாங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்று ஆபீஸில் கையை விரித்தால் நம்பாதீர்கள். 1938 இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 64யூஎம் பிரிவே சர்வேயர் மதிப்பிட்ட தொகையிலிருந்து மாறுபட்டு க்ளெய்மை முடிக்க நிறுவனத்துக்கு உரிமை கொடுக்கிறது. சர்வேயர் அறிக்கை வேதவாக்கு இல்லை என்று 2009-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் அது முக்கியமான ஆவணம் என்பதையும் மறக்கக்கூடாது, ஆதாரம் இல்லாமல் 'தப்பு' என்று மட்டும் சொன்னால் எங்கேயும் எடுபடாது.

கையெழுத்து விஷயத்துக்கு வருகிறேன். இந்தத் தொகைக்குச் சம்மதம் என்று ஒரு தாளை சர்வேயர் நீட்டுவார், பலர் படிக்காமலே போட்டுவிடுகிறார்கள். போடாதீர்கள், கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். பணம் தரும் சமயத்தில் டிஸ்சார்ஜ் வவுச்சர் வரும், தொகையைப் பெற்றுக்கொண்டு க்ளெய்மை முடித்துக்கொள்கிறேன் என்கிற தாள். அவசரத்துக்குப் பணம் தேவை என்றால் 'ஆட்சேபத்துடன் பெறுகிறேன்' என்று உங்கள் கையாலேயே எழுதிக் கையெழுத்து போடுங்கள். வவுச்சரில் கையெழுத்து போட்டதாலேயே கூடுதல் தொகை கேட்கும் உரிமை போய்விடாது என்று இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2015-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. இருந்தாலும் அந்த இரண்டு வார்த்தை பின்னால் நிறைய வாதத்தை மிச்சப்படுத்தும்.

நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதி, ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் இன்ஷூரன்ஸ் ஓம்பட்ஸ்மேன், அதாவது இன்ஷூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்க்கிற அதிகாரி. செலவில்லை, வக்கீல் வைக்க முடியாது, 50 லட்சம் வரை கேட்கலாம், ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். ஆபீஸ் தேனாம்பேட்டையில், நம்ம பக்கத்திலிருந்து தூரம்தான், ஆனால் புகாரை ஆன்லைனிலேயே போடலாம். இல்லையென்றால் நுகர்வோர் ஆணையம், அதற்கு இரண்டு வருட அவகாசம் உண்டு. ஆணையத்தில் வழக்கு போட்டுவிட்டால் ஓம்பட்ஸ்மேன் அதே புகாரை எடுக்க மாட்டார், அதனால் முதலில் ஓம்பட்ஸ்மேனிடம் போவதுதான் நான் சொல்கிற வழி. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்கு போடலாம். மாதவரம், மணலி எல்லாம் 2018-லிருந்து சென்னை மாவட்டம். மீஞ்சூர், பொன்னேரிக்காரர்கள் திருவள்ளூர் ஆணையத்துக்குப் போக வேண்டும்.