நலமாயிருக்கும் ஓணானுக்கு எதற்கு இரத்தப் பரிசோதனை?

பெங்களூரு ஜீவன் பீமா நகரில் வசிக்கும் வாசகர் ஒருவர், ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் தம் மகளின் கேள்வியை எனக்கு எழுதி அனுப்பியிருந்தார். பசிபிக் கடலிலுள்ள கலாபகஸ் தீவுகளில் ஆய்வாளர் ஒருவர் இகுவானா என்னும் பெரிய பல்லியின விலங்கைப் பிடித்து, அதன் வாலில் ஊசி செலுத்தி இரத்தம் எடுக்கும் படத்தை அந்தப் பெண் பார்த்திருக்கிறாள். "அம்மா, அந்த விலங்கு நலமாக இருப்பதாகப் படத்தின் கீழேயே எழுதியிருக்கிறது. நோயில்லாததைப் பிடித்து ஏன் குத்த வேண்டும் என்று கேட்கிறாள், எனக்குப் பதில் தெரியவில்லை" என்று அவர் எழுதியிருந்தார். இந்நகரத்தின் ஆய்வுக்கூடங்களில் முப்பது ஆண்டுகள் மனித இரத்தத்தைப் பார்த்து வாழ்ந்தவள் நான். ஆகவே இக்கேள்வி என் மனத்துக்கு மிக நெருக்கமானது.

நம்முடைய இரத்த அறிக்கையில் ஒவ்வோர் அளவுக்கும் பக்கத்தில் 'இயல்பு வரம்பு' என்று ஒரு கட்டம் இருக்கும். அந்தக் கட்டம் இல்லாவிட்டால், கால்சியம் 14 என்று வந்திருப்பதைப் பார்த்து மருத்துவர் கவலைப்படுவதா, மகிழ்வதா என்று தெரியாது. அந்த வரம்பு எங்கிருந்தோ வந்ததன்று. நலமாக இருந்த பலர் முன்பே கை நீட்டி இரத்தம் கொடுத்ததால்தான் அது கிடைத்தது. வழக்கமாக இதற்குக் குறைந்தது 120 பேரின் அளவுகளை எதிர்பார்ப்பார்கள். அவற்றை ஏறுவரிசையில் அடுக்கி, அடியில் 2.5 விழுக்காட்டையும் உச்சியில் 2.5 விழுக்காட்டையும் விலக்கியபின் நடுவில் எஞ்சும் 95 விழுக்காட்டை இயல்பு என்கிறோம். இதிலிருந்தே இன்னொன்றும் விளங்கும்: நலமானவர்களிலும் இருபதில் ஒருவர் ஒவ்வோர் அளவிலும் வரம்புக்கு வெளியே நிற்பார். ஒன்றையொன்று சாராத 20 அளவுகளைப் பார்த்தால், முற்றிலும் நலமான உடலிலும் குறைந்தது ஓர் அளவாவது பிறழ்ந்திருக்க ஏறத்தாழ 64 விழுக்காடு வாய்ப்பு உண்டு. எனவே ஒற்றை எண்ணைக் கண்டு பதறக் கூடாது என்பது ஆய்வுக்கூடத்தில் முதலில் கற்கும் பாடம்.

தீவு ஓணானுக்கும் இகுவானாவுக்கும் அப்படியொரு கட்டத்தை வரைவதுதான் அந்தப் படத்திலிருந்த ஆய்வாளரின் வேலை. அது மனிதருக்கு வரைவதைவிடக் கடினமானது. கலாபகஸைச் சேர்ந்த இசபெலா தீவின் உல்ஃப் எரிமலையில் மட்டும் வாழும் இளஞ்சிவப்பு இகுவானா 2009-இல்தான் தனி இனமாக விவரிக்கப்பட்டது. உலகில் எஞ்சியிருப்பவை சில நூறு மட்டுமே என்னும்போது 120 விலங்குகளுக்கு எங்கே போவது? தவிர, ஊர்வனவற்றின் 'இயல்பு' நிலையாக நிற்பதில்லை. காலை வெயிலில் காயும் ஓணானுக்கும் பாறை இடுக்கில் குளிர்ந்து கிடக்கும் அதே ஓணானுக்கும் இதயத் துடிப்பு வேறு. முட்டை உருவாகிக்கொண்டிருக்கும் பெண் இகுவானாவின் இரத்தத்தில், மஞ்சட்கருவுக்கான புரதத்தைச் சுமந்து செல்வதற்காகக் கால்சியம் இரண்டு மடங்குக்கும் மேல் உயரலாம். பருவத்தைக் குறித்துவைக்காதவர் அதைச் சிறுநீரக நோய் என்றே எண்ணிவிடுவார். ஆகவே ஒவ்வொரு மாதிரியோடும் பாலினம், பருவம், உடல் வெப்பம், பிடித்த நேரம் ஆகியவற்றையும் எழுதி வைக்கிறார்கள்.

பிடிக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீண்ட கோலின் நுனியில் சுருக்குக் கண்ணி கட்டி, விலங்கின் கழுத்தில் மெல்ல மாட்டி இழுப்பார்கள், அல்லது கையாலேயே பிடிப்பார்கள். வால் எலும்புக்குக் கீழே நடுக்கோட்டில் ஓடும் சிரையில் ஊசி போகும். எடுக்கும் இரத்தம் உடல் எடையில் நூற்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, கவனமானவர்கள் அதிலும் பாதியோடு நிறுத்திக்கொள்வார்கள். பத்து கிராம் எடையுள்ள சிறு பல்லியிடம் ஓரிரு சொட்டுக்கு மேல் கேட்க நமக்கு உரிமையில்லை.

அந்த ஒரு சொட்டுக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் என்னை இன்றும் வியக்க வைக்கிறது. மனித இரத்தத்தை எண்ணும் தானியங்கிக் கருவி இரண்டு தந்திரங்களால் வேலை செய்கிறது. உப்புக்கரைசலில் மிதக்கும் அணுக்களை மிக நுண்ணிய துளை வழியாக ஒவ்வொன்றாகச் செலுத்தும்போது, அணு கடக்கும் கணத்தில் துளையின் மின்தடை சற்று உயரும். அந்தத் துடிப்பை எண்ணினால் அணுக்களின் எண்ணிக்கையும், துடிப்பின் உயரத்தை அளந்தால் அணுவின் பருமனும் கிடைக்கும். வெள்ளணுக்களை எண்ணும்போது மட்டும் ஒரு வேதிப்பொருளைச் சேர்த்துச் சிவப்பணுக்களைக் கரைத்துவிடுவார்கள். நம் சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது என்பதால், அது கரைந்தபின் எண்ணத்தக்கதாக எதுவும் மிஞ்சாது, வெள்ளணுக்கள் தனித்து நிற்கும். ஓணானின் சிவப்பணுவோ நீள்வட்டமானது, அதன் நடுவே உட்கரு இருக்கிறது. அதே வேதிப்பொருள் அணுவின் உறையைக் கரைத்தாலும் உட்கரு அப்படியே மிஞ்சும். கருவி அந்த இலட்சக்கணக்கான உட்கருக்கள் ஒவ்வொன்றையும் வெள்ளணு என்று எண்ணிவிடும். பல இலட்சம் ரூபாய் விலையுள்ள கருவி இந்த இடத்தில் உதவாது. மனிதக் கண் தேவைப்படுகிறது.

ஆகவே பழைய முறைதான் வழி. ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் மெல்லிய பூச்சாக இழுத்து, உலர்த்தி, மெத்தனாலில் நிலைப்படுத்தி, ஜீம்சா சாயமிட்டு, நுண்ணோக்கியின் கீழ் வைத்து நூறு வெள்ளணுக்களை ஒவ்வொன்றாகப் பெயரிட்டு எண்ண வேண்டும். மனிதப் பூச்சில் நான் ஆயிரம் முறை செய்த வேலைதான், ஆனால் முகங்கள் வேறு. நமக்கு நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு செய்யும் காவல் வேலையை ஊர்வனவற்றில் ஹெட்டரோஃபில் செய்கிறது. அதற்குள் செந்தூர நிறத்தில் கதிர் வடிவத் துகள்கள் செறிந்திருக்கும். திசுவைக் கரைத்து நீராக்கும் நொதிகள் அதில் குறைவு என்பதால், ஓணானின் சீழ் நம்முடையதைப் போல ஒழுகாமல் கட்டியாகவே இருக்கும். லிம்ஃபோசைட் என்ற இன்னொரு வெள்ளணுவையும் இரத்தம் உறையச் செய்யும் திராம்போசைட்டையும் வேறுபடுத்துவது கடினம். இரண்டும் சிறியவை, இரண்டுக்கும் உட்கரு உண்டு. உட்கரு மிக அடர்த்தியாகவும் சுற்றியுள்ள பகுதி நிறமற்றுத் தெளிவாகவும் இருந்தால் அது திராம்போசைட். இதில் ஒருவர் தவறினால் முழு வரம்பும் தவறிவிடும்.

இவ்வளவு உழைப்பும் எதற்கு? ஒரு சொட்டு இரத்தம் வெவ்வேறு வேகத்தில் ஓடும் பல கடிகாரங்களைத் தன்னுள் வைத்திருக்கிறது. விலங்கு துரத்தப்பட்டு ஓடியிருந்தால், மூச்சுக்காற்று போதாமல் தசைகள் இயங்கியதன் அடையாளமாக லாக்டேட் உடனே உயரும். அது நொடிகளையும் நிமிடங்களையும் காட்டும் முள். அடுத்தது கார்டிகோஸ்டீரோன், நெருக்கடியின்போது நம் உடலில் சுரக்கும் கார்டிசாலுக்கு ஊர்வனவற்றில் உள்ள இணை. ஆபத்தை மூளை உணர்ந்த பின், அட்ரீனல் சுரப்பி அதைச் சுரந்து இரத்தத்தில் அளவு உயர ஏறக்குறைய மூன்று நிமிடம் ஆகிறது. அந்த மூன்று நிமிடத்துக்குள் இரத்தத்தை எடுத்துவிட்டால், நம்மைக் காண்பதற்கு முன்னிருந்த நிம்மதி நிலையை அளந்தவர்களாவோம். நான்காம் நிமிடம் முதல் நாம் அளப்பது நம்மைக் கண்ட அச்சத்தை. அதனால்தான் கண்ணி இறுகியவுடன் உடனிருப்பவர் நிறுத்தற்கடிகாரத்தை அழுத்துகிறார். மூன்றாவது கடிகாரம் மெதுவானது. கார்டிகோஸ்டீரோன் உயர்ந்தே நீடித்தால், லிம்ஃபோசைட்டுகள் இரத்தத்தை விட்டுத் தோலுக்கும் மண்ணீரலுக்கும் இடம்பெயரும், ஹெட்டரோஃபில்கள் இரத்தத்துக்குள் வெளிவரும். இவ்விரண்டின் விகிதம் மாறப் பல மணி நேரம் பிடிக்கும் என்பதால், பிடிபட்ட சில நிமிடப் பதற்றம் அதைக் கலைப்பதில்லை, கடந்த சில நாட்களின் துன்பத்தை அது சொல்லும். சிவப்பணுக்களின் விழுக்காடு வாரக் கணக்கில் நகரும், உடல் எடையும் வாலடிக் கொழுப்பும் மாதக் கணக்கில். ஒரே பாறையில், ஒரே காலையில் இத்தனை காலங்களையும் சேர்த்துப் படிக்க முடிகிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

இந்தப் படிப்பு எப்போது பயன்பட்டது என்று அந்தப் பெண் கேட்கக்கூடும். 2001 சனவரியில் ஜெசிகா என்ற எண்ணெய்க் கப்பல் கலாபகஸின் சான் கிறிஸ்டோபல் தீவருகே தரைதட்டியது. சாண்டா ஃபே தீவின் கடல் இகுவானாக்களை எட்டியது மிகச் சொற்பமான எண்ணெய்தான், கரையில் பெரிய அழிவொன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் அடுத்த ஓராண்டில் அத்தீவின் கடல் இகுவானாக்களில் 62 விழுக்காடு இறந்துவிட்டன. எண்ணெய் எட்டாத ஹெனோவேசா தீவில் அத்தகைய இழப்பு இல்லை. கடற்பாசியைச் செரிக்க உதவும் குடல் நுண்ணுயிர்களை எண்ணெய் கொன்றிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். இந்தக் கணக்கைப் போட முடிந்ததற்கு ஒரே காரணம், அவ்விரு தீவுகளின் விலங்குகளையும் பல ஆண்டுகளாக யாரோ அளந்து குறித்துவந்ததுதான். எல் நினோ ஆண்டுகளில் கடல் சூடாகிப் பாசி குறையும்போது, கார்டிகோஸ்டீரோன் மிகுந்திருந்த இகுவானாக்கள் பிழைக்கும் வாய்ப்பு குறைவு என்றும் அந்த ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். பிற்பட்ட ஆய்வொன்று, அச்சுரப்பை விரைவில் அடக்கிக்கொள்ள முடிந்த விலங்குகளே பஞ்சத்தைத் தாண்டின என்று காட்டியது. உணவில்லாத அந்த ஆண்டுகளில் கடல் இகுவானாவின் உடல் நீளமே 20 விழுக்காடு வரை சுருங்கியதும், உணவு திரும்பியபின் மீண்டும் வளர்ந்ததும் 2000-இல் வெளியானது. முன்னளவு இல்லாதவர் சுருங்கிய விலங்கைக் குட்டி என்றே எழுதியிருப்பார்.

நம் கடலுக்கு அருகிலும் ஒரு கதை உண்டு. இந்தியப் பெருங்கடலிலுள்ள கிறிஸ்துமஸ் தீவில் நீலவால் அரணை ஒரு காலத்தில் எங்கும் திரிந்தது. 2010 வாக்கில் அது காட்டிலிருந்து மறைந்தே போனது. வெளியிலிருந்து வந்த ஓநாய்ப் பாம்பை முதன்மைக் காரணமாகக் கருதுகிறார்கள். அதே தீவின் இன்னோர் இனமான 'காட்டு அரணை'யில் கடைசியாகக் காப்பகத்தில் வாழ்ந்தது 2014 மே மாதத்தில் இறந்தது, அத்தோடு அவ்வினமே முடிந்தது. காப்பகத்தில் பெருக்கிக் காக்கப்பட்ட நீலவால் அரணைகளிடையே 2014-இல் ஒரு கொல்லும் பாக்டீரியா தொற்று தோன்றியது. பிற்பாடு அதே நுண்ணுயிரி தீவில் குடியேறிய வெளியினப் பல்லிகளிடமும் காணப்பட்டது. அது பழைய விருந்தாளியா, புதிதாக வந்ததா என்று தீர்மானிக்க, நோய்க்கு முந்தைய காலத்து மாதிரிகள்தாம் வேண்டும். 'அரணை கடித்தால் மரணம்' என்று சொல்லியே நாம் வளர்ந்தோம். அரணைக்கு நஞ்சு கிடையாது. அந்தச் சொல்லை நம்பி அடித்துக் கொல்லப்பட்ட அரணைகளை எண்ணிப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பல்லி விழும் பலனைப் பஞ்சாங்கத்தில் தேடும் பொறுமையில் ஒரு பங்கை அந்தப் பல்லியின் வாழ்வை அறியச் செலவிட்டால், பிள்ளைகள் எவ்வளவோ கற்றுக்கொள்வார்கள்.

இங்கே என் மனத்திலுள்ள குறையையும் சொல்லிவிடுகிறேன். நோய் பரவியபின் ஆராயப் பணம் கேட்டால் கிடைக்கிறது. 'எல்லாம் நலமாக இருக்கும்போதே அளந்து வைக்க வேண்டும்' என்று விண்ணப்பித்தால், இதில் புதிய கண்டுபிடிப்பு என்ன என்று கேட்கிறார்கள். கிரேட் நிகோபாரில் துறைமுகம் உள்ளிட்ட பெருந்திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி தரப்பட்டது. அத்தீவின் நீர் உடும்பும் ஓணானும் அரணையும் இன்று எப்படி இருக்கின்றன என்பதை, முதல் மரம் விழுவதற்கு முன்பே இரத்தத்தில் எழுதி வைத்தாக வேண்டும். பிறகு எடுக்கும் எந்த அளவும் இதற்கு ஈடாகாது. அதற்கான திறமை நம்மிடம் உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் நம் பாறை ஓணான்களை நகரத்திலும் நகருக்கு வெளியிலும் பிடித்து ஒப்பிட்டு வந்திருக்கிறார்கள்.

மகளிடம் இதையும் சொல்லுங்கள். இரத்தம் எடுத்தபின் ஊசி குத்திய இடத்தைச் சற்று நேரம் அழுத்திப் பிடிப்பார்கள். அன்றே மறுபடி பிடிபடாதிருக்க முதுகில் சிறு வண்ணப் பொட்டு வைப்பார்கள். ஓணானுக்குத் தன் எல்லை முக்கியம் என்பதால் பிடித்த அதே பாறையில் கொண்டுபோய் விடுவார்கள். மிஞ்சிய சில நுண்துளிகளைப் பெயர்ச்சீட்டு ஒட்டிய குழாயில் அடைத்து, மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியில் வைப்பார்கள். அவள் வளர்ந்து ஆய்வாளராகி இன்று யாரும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்கும்போதும், அந்தக் குழாய் அங்கே இருக்கும்.