‘சுகர் நார்மல்தானுங்களே மேடம்!’

போன செவ்வாய்க்கிழமை இரவு பத்தரை மணிக்கு ஒருவரை ஆட்டோவிலிருந்து கைத்தாங்கலாக இறக்கி அழைத்து வந்தார்கள். நாற்பத்தாறு வயது, ஒல்லியான உடம்பு, எட்டு ஆண்டாகச் சர்க்கரை நோய். (அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) இரண்டு நாளாக வாந்தி, வயிற்று வலி. முந்தின நாள் ஒரு கிளினிக்கில் கேஸ் டிரபுள் என்று ஊசி போட்டு அனுப்பியிருக்கிறார்கள். படுக்கையில் அசையாமல் கிடந்தவர், மூன்று மாடி ஏறி வந்தவர் போல ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். குனிந்தால் மூச்சில் கனிந்து உடைந்த பழத்தின் வாசம். நாக்கு காய்ந்து மரத்தட்டு போல இருந்தது.

அவர் மனைவி பையிலிருந்து ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து நீட்டினார். காலை, மதியம், இரவு என்று கட்டம் போட்டு, வீட்டு மெஷினில் பார்த்த சர்க்கரை அளவுகளை அழகாக எழுதியிருந்தார். 142, 155, 149, 168. மாவுச்சத்தைத் தவிர்த்து, ஆதிமனிதன் போல முட்டை, கறி, மீன், காய், கொட்டை என்று சாப்பிடும் ‘பேலியோ’ உணவுமுறையில் இருந்திருக்கிறார். “சுகர் நார்மல்தானுங்களே மேடம்! பேலியோ ஆரம்பிச்ச மூணு வாரமா எரநூத்தத் தாண்டவே இல்லீங்க.”

ரத்தத்தில் அமிலம் எவ்வளவு என்று காட்டும் ஏபிஜி பரிசோதனை எடுத்தோம். பிஎச் 7.08, அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட் வெறும் 7. கொழுப்பு எரியும்போது கல்லீரல் உண்டாக்கும் கீட்டோன் என்ற அமிலப் பொருள் விரல் ரத்தத்தில் 6.1. சர்க்கரை 176. ரத்தத்தின் பிஎச் 7.35க்கும் 7.45க்கும் நடுவே இருக்க வேண்டும். அது 7ஐ நெருங்குகிறதென்றால் உயிர் ஊசலாடுகிறது என்று பொருள்.

உடனே சலைன், இன்சுலின், கூடவே குளுக்கோஸ் டிரிப் என்று ஆரம்பித்தோம். குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்ததும் அவருடைய மச்சானுக்குக் கோபம் வந்துவிட்டது. “ஏனுங்க, சுகர் பேஷண்டுக்கு குளுக்கோஸ் ஏத்தறீங்களே, என்ன வைத்தியங்க இது?” அவர் கேட்டதில் தவறில்லை. ஆனால் ஒரு கையில் பொட்டாசியம் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் பம்ப்பைத் திருகிக்கொண்டு, கீட்டோனை நிறுத்த இன்சுலின் வேண்டும், அந்த இன்சுலினால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடாமல் இருக்கத்தான் குளுக்கோஸ் என்று நள்ளிரவில் விளக்குவது எளிதில்லை. இந்த ஆண்டில் இப்படி வந்தவர்களில் இவர் எனக்கு நான்காவது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பேலியோவுக்கு எதிரி இல்லை. நம் ஊர் ஆட்கள் சாப்பிடும் கலோரியில் 60 விழுக்காட்டுக்கு மேல் மாவுச்சத்துதான். 2023இல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று சொன்னது. காலையில் ஆறு இட்லி, மதியம் கும்பாச்சோறு, ராத்திரி ‘சுகருக்கு நல்லது’ என்று நாலு சப்பாத்தி சாப்பிடுகிறவரிடம் மாவைக் குறையுங்கள் என்று தினமும் சொல்கிறவள்தான் நான். என்னிடம் வரும் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை பேலியோவில் இறங்கி, ஏழு மாதத்தில் பதினொரு கிலோ குறைந்து, 36 யூனிட் இன்சுலினிலிருந்து முழுதாக விடுபட்டார். இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் நடந்த டைரக்ட் ஆய்வில், உணவை மாற்றி எடையைக் குறைத்தவர்களில் 46 விழுக்காட்டினருக்கு ஓராண்டில் மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள் வந்தது. ஆக, உணவால் முடியும். ஆனால் அந்த ஆய்வில் முதல் நாளே மாத்திரைகளை நிறுத்தியவர்கள் மருத்துவர்கள். ஆசிரியை அம்மாவின் இன்சுலினை நாலு நாலு யூனிட்டாகக் குறைத்ததும் நான்தான். அவர் ஒவ்வொரு வாரமும் போன் பண்ணுவார், நான் குறைப்பேன்.

செவ்வாய்க்கிழமை வந்தவரிடம் யாரும் எதையும் குறைக்கவில்லை. சட்டைப் பையில் மாத்திரை அட்டை இருந்தது. டாபாக்ளிஃப்ளோசின் கலந்த கூட்டு மாத்திரை. பழைய மருந்து அப்படியே, புது உணவு. சண்டை அங்கேதான் நடந்திருக்கிறது.

இந்த ‘க்ளிஃப்ளோசின்’ குடும்பத்து மாத்திரைகள் ரத்தத்துச் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். நல்ல மருந்துகள். இதயத்தையும் சிறுநீரகத்தையும் காப்பாற்றுகின்றன. 2020இல் டாபாக்ளிஃப்ளோசினுக்குக் காப்புரிமை முடிந்து விலை இறங்கிய பிறகு, எங்கள் ஊரில் பாதிச் சீட்டுகளில் இது இருக்கிறது. இதைப் போட்டுக்கொண்டு மாவுச்சத்தையும் அடியோடு நிறுத்தினால் உடம்பில் இன்சுலின் மிகவும் தாழ்ந்துபோய், கல்லீரல் கட்டுப்பாடில்லாமல் கீட்டோனை உற்பத்தி செய்யும். ரத்தம் அமிலமாகும். இதற்குத்தான் கீட்டோஅசிடோசிஸ் என்று பெயர். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015இலேயே இதைப் பற்றி எச்சரித்துவிட்டது.

இப்போது எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் நம்பிக்கைக்கு வருகிறேன். ‘சுகர் நார்மல் என்றால் நான் நார்மல்.’

இல்லைங்க. மெஷின் காட்டும் எண் ரத்தத்தில் அந்த நிமிடம் எவ்வளவு சர்க்கரை ஓடுகிறது என்பதை மட்டுமே சொல்லும். இன்சுலின் போதுமான அளவு இருக்கிறதா என்று சொல்லாது. கீட்டோன் எவ்வளவு என்று சொல்லாது. வீட்டுத் தொட்டியில் தண்ணீர் மட்டம் சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே குழாயை மூடிவிட்டீர்கள், கீழே அடைப்பானையும் திறந்துவிட்டீர்கள், அதனால் மட்டம் ஏறவில்லை. மோட்டார் எரிந்து புகைவது அந்த மட்டத்தைப் பார்த்தால் தெரியுமா? மாவைச் சாப்பிடாததால் சர்க்கரை உள்ளே வரவில்லை, மாத்திரையால் இருப்பதும் சிறுநீரில் போகிறது. ஆகவே 176. வழக்கமான கீட்டோஅசிடோசிஸில் சர்க்கரை 400, 500 என்று ஏறி எல்லாரையும் எழுப்பிவிடும். இந்த வகையில் எழுப்பிவிட ஆளே இல்லை. நோயாளி ஏமாறுகிறார், வீட்டார் ஏமாறுகிறார்கள், சில நேரம் டியூட்டி டாக்டரும் ஏமாறுகிறார். 250க்குக் கீழே இருக்கிறதே, அதுவாக இருக்காது என்று விட்டுவிடுகிறார்.

இதோடு இன்னொரு குழப்பம். பேலியோ எடுப்பவர்களில் சிலர் சிறுநீரில் கீட்டோன் ஸ்டிரிப் நனைத்து, நிறம் அடர்ந்த ஊதாவாக வந்தால் கொழுப்பு கரைகிறது என்று மகிழ்கிறார்கள். மாவு குறைவாகச் சாப்பிடுகிற ஆரோக்கியமான உடம்பில் கீட்டோன் 0.5 முதல் 3 வரை போகும், அங்கே நிற்கும். இன்சுலின்தான் அதை நிறுத்தி வைக்கிறது. இன்சுலின் சுரப்பு குறைந்தவருக்கு அந்த பிரேக் கிடையாது. ஸ்டிரிப்பும் முக்கியமான கீட்டோனை அளப்பதில்லை. பீட்டா ஹைட்ராக்சிபியூட்டிரேட் என்ற அந்தக் கீட்டோன் அதற்குத் தெரியாது. ரத்தத்தில்தான் பார்க்க வேண்டும். (சக மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை: பேலியோக்காரருக்குச் சிறுநீரில் கீட்டோன் வருவது சகஜம்தானே என்று ஒதுக்காதீர்கள். வாந்தியும் வேக மூச்சும் இருந்தால், சர்க்கரை எவ்வளவாக இருந்தாலும் ஒரு ஏபிஜி எடுத்துவிடுங்கள்.)

அவர் ஒல்லியான உடம்பு என்று சொன்னேன் அல்லவா? அதுவும் முக்கியம். நம் பகுதியில் சர்க்கரை நோயாளிகள் எல்லாரும் தொந்தி வைத்த டைப் 2 இல்லை. கணையத்தில் கல் விழுந்து சர்க்கரை வந்தவர்கள் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் உண்டு. நாற்பது வயதில் மெதுவாக ஆரம்பிக்கும் டைப் 1 உண்டு. இவர்களுக்கெல்லாம் உடம்பில் இன்சுலினே பற்றாக்குறை. பேலியோ குழுவில் பக்கத்து வீட்டுக்காரருக்கு வேலை செய்தது இவர்களுக்கு வேலை செய்யாது. அதிலும் டைப் 1 குழந்தைகளுக்கு இன்சுலினை நிறுத்திவிட்டு முட்டையும் கறியும் கொடுத்தால் சரியாகிவிடும் என்று ஒரு வாட்ஸாப் ஆடியோ சுற்றுகிறது. கேட்கும்போது உடம்பெல்லாம் பதறுகிறது. அந்தப் பரிசோதனையை உலகம் ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டது. 1922க்கு முன்னால் டைப் 1 குழந்தைகளுக்கு இருந்த ஒரே வைத்தியம் மாவுச்சத்தை அடியோடு நிறுத்திப் பட்டினி போடுவதுதான். அமெரிக்காவில் ஃபிரடெரிக் ஆலன் என்ற மருத்துவர் அதை மிகக் கண்டிப்பாகச் செய்தார். குழந்தைகள் எலும்பும் தோலுமாகிச் சில மாதம், சில ஆண்டு கூடுதலாக வாழ்ந்தார்கள். பிறகு இறந்தார்கள். 1922 ஜனவரியில் டொராண்டோவில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு இன்சுலின் போட்ட பிறகுதான் அந்த மரணங்கள் நின்றன. தயவுசெய்து அந்த ஆடியோவை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை மாத்திரைகளைப் போடுகிறவர்கள் மாவைத் திடீரென்று நிறுத்தினால் சர்க்கரை 50க்கும் கீழே இறங்கி வண்டி ஓட்டும்போதே மயங்கி விழலாம். பிரஷர் மாத்திரையும் அப்படித்தான்: மாவு குறைந்ததும் உடம்பு உப்பையும் நீரையும் இழக்கும், பிரஷர் தானாக இறங்கும், பழைய டோஸ் அதிகமாகிவிடும். எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது என்றால் ‘உடம்பு பழகுகிறது’ என்று பொறுத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

சிறுநீரகம். நம் ஊர் பேலியோவில் காலை உணவு 100 பாதாம். கிட்டத்தட்ட 120 கிராம், 700 கலோரி. பசி தாங்கும், உண்மைதான். ஆனால் பாதாமில் சிறுநீரகக் கல்லை உண்டாக்கும் ஆக்சலேட் என்ற பொருள் அதிகம். மதியம் கீரை என்று பசலையும் சேர்ந்தால் இன்னும் அதிகம். கல் வந்தவர்கள், சிறுநீரகம் பழுதடைவதைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறியவர்கள் இந்தப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது. ஆரம்பிக்கும் முன் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிப் பேலியோ குழுக்களே வலியுறுத்துகின்றன, அது நல்ல வழக்கம். ஆனால் ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்துக் குழுவில் போட்டுவிட்டு, மருத்துவரிடம் காட்டாமல் இருப்பது எந்த ஊர் நியாயம்?

காட்டு இறைச்சி பற்றியும் கேட்கிறார்கள். ஆதிமனிதன் பிராய்லர் கோழியா சாப்பிட்டான் என்று ஒரு தம்பி கேட்டார், உடும்புக்கறி கிடைக்கும் இடம் தெரியும் என்றும் சொன்னார். தம்பி, உடும்பு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வேட்டையாடினால் மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறை. உடும்புக்கறி முதுகுவலியைத் தீர்க்கும், நரம்புக்கு வலு என்பதெல்லாம் யாரோ கட்டிவிட்டது. காட்டுப்பன்றிக் கறி சரியாக வேகாமல் போனால் டிரிக்கினெல்லா என்ற புழு தசைக்குள் போய்த் தங்கும். நாட்டுக்கோழியும் வெள்ளாடும் மத்தியும் பண்ணைக் காடையும் தாராளமாகப் போதும். பேலியோவுக்குக் காட்டுக்குப் போகத் தேவையில்லை.

அப்புறம் உடற்பயிற்சி. வெறுங்காலில் ஓடுவது இயற்கை என்று படித்துவிட்டு, வேறொரு சர்க்கரை நோயாளி விடியற்காலையில் மண்பாதையில் ஓடியிருக்கிறார். கால் வீங்கி வந்தார். குதிகாலைக் கழுவிப் பார்த்தால் வேலமுள் ஒன்று முழுதாக உள்ளே இறங்கி, சுற்றிலும் சீழ். எப்போது குத்தியது என்று கேட்டேன். “எனக்குத் தெரியலீங்களே” என்றார். நரம்பு உணர்ச்சி போன கால் சொல்லாது. மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் பரிசோதனை இரண்டு நிமிடம்தான், கேட்டுச் செய்துகொள்ளுங்கள். கண் விழித்திரையில் ரத்தக் கசிவு உள்ளவர்கள் கண் மருத்துவரிடம் கேட்காமல் ஜிம்மில் பெரிய எடையைத் தூக்கவே கூடாது.

சரி, என்ன செய்ய வேண்டும்? உங்கள் மாத்திரை அட்டையைத் திருப்புங்கள். உள்ளிருக்கும் மருந்துகளின் பெயர் பொடி எழுத்தில் இருக்கும். ஏதாவது ஒன்று ‘க்ளிஃப்ளோசின்’ என்று முடிந்தால், மருத்துவரைப் பார்க்காமல் பேலியோ, கீட்டோ, விரதம் எதையும் தொடங்காதீர்கள். இதைப் படித்துவிட்டு மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். இதயத்துக்காகக் கொடுத்ததாக இருக்கலாம். வாந்தி, காய்ச்சல், ஒன்றும் சாப்பிட முடியவில்லை என்ற நாளில் அந்த மாத்திரையைப் போடும் முன் போன் செய்து கேளுங்கள். அறுவை சிகிச்சை என்றால் குறைந்தது மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும், சர்ஜனிடம் நீங்களே ஞாபகப்படுத்துங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் எந்த நாளிலும் அதை நீங்களாக முழுதாக நிறுத்தாதீர்கள். வாந்தியோடு மூச்சு வாங்கினால் மெஷினில் என்ன எண் வந்தாலும் மருத்துவமனைக்கு வாருங்கள். வந்ததும் “பேலியோவில் இருக்கிறேன், இந்த மாத்திரை போடுகிறேன்” என்று இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எங்கள் பக்கமும் தவறு உண்டு. பேலியோ என்று வாயெடுத்தாலே பல மருத்துவர்கள் திட்டுகிறார்கள். நானும் முன்பு திட்டியிருக்கிறேன். திட்டு வாங்கியவர் அடுத்த முறை சொல்ல மாட்டார். செவ்வாய்க்கிழமை வந்தவரும் அதனால்தான் சொல்லாமல் ஆரம்பித்திருக்கிறார். “டாக்டர் வைவாருன்னு பயந்துட்டாருங்க” என்றார் அவர் மனைவி, மூன்றாம் நாள், கணவர் எழுந்து உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தபோது.

டிஸ்சார்ஜ் ஆகும்போது அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: “இனிமே பேலியோ ஆகாதுங்களா?” சி-பெப்டைடு பரிசோதனைக்கு ரத்தம் அனுப்பியிருக்கிறேன், கணையத்துக்கு ஒரு ஸ்கேன் எழுதியிருக்கிறேன். இரண்டும் வரட்டும், உங்கள் உடம்பில் எவ்வளவு இன்சுலின் மிச்சம் என்று பார்த்துவிட்டுப் பேசலாம் என்றேன். அதுவரை இன்சுலின் ஊசி, கொஞ்சம் சோறு, நிறையக் காய், முட்டை, மீன். அந்த மாத்திரை இனி கிடையாது. அவர் மனைவி நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, சர்க்கரைக் கட்டங்களுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டு, ‘வாந்தி, மூச்சு’ என்று தலைப்பு எழுதிக்கொண்டார்.